கெரால்ட் அண்ணாச்சியும் ரெடிமேட் சட்டையும்

முதல்லயே சொல்லிடுறேன், கெரால்ட் அண்ணாச்சி மேல எனக்குத் தனிப்பட்ட விரோதம் ஒண்ணும் கிடையாது. வெள்ளை முடி, பூனைக்கண்ணு, முதுகுல ரெண்டு வாள்னு மனுசன் கம்பீரமாத்தான் இருக்காரு. 'தி விட்சர் 3' (2015) நல்ல ஆட்டம்ங்கிறதுலயும் சண்டை இல்லை. ஆனா "ரோல் பிளேயிங் கேம்னா இதுதான்யா, ஹீரோன்னா இப்படித்தான் எழுதி வைக்கணும், நாமளே மூக்கு முழி வச்சு உருவாக்குற ஹீரோ எல்லாம் வெறும் களிமண் பொம்மை"ன்னு நம்ம நண்பர்கள் சிலர் வரிசையா எழுத ஆரம்பிச்சிருக்காங்க பாருங்க, அங்கதான் எனக்குக் கை பரபரங்குது. ஒருத்தர் எழுதினா ரசனைன்னு விட்டுடலாம். நாலு பேர் எழுதினா எதிர்ப்பதிவு போட்டே ஆகணும். போட்டாச்சு.

வீடியோ கேம் பக்கமே தலைவச்சுப் படுக்காதவங்களுக்காக ஒரு சின்ன விளக்கம். (விளையாடுறவங்க அடுத்த பத்திக்குத் தாவிடலாம்.) ஆர்.பி.ஜி.ன்னு சொல்ற ஆட்டங்கள்ல நீங்க ஒரு ஆளோட வேஷத்தைக் கட்டிக்கிட்டு ஒரு உலகத்துக்குள்ள போறீங்க. 60 மணி நேரம், 100 மணி நேரம்னு இழுக்கும். ஊர் ஊரா நடக்கலாம், சண்டை போடலாம், பேசியே சமாளிக்கலாம், ஒருத்தனைக் காப்பாத்தலாம், காட்டியும் கொடுக்கலாம். அந்த ஆள் யாருங்கிறதுல ரெண்டு வகை இருக்கு. கம்பெனியே பேரு, முகம், குரல், அப்பன் ஆத்தா, பழைய காதலி வரைக்கும் முடிவு பண்ணிக் கையில தர்றது ஒண்ணு. இன்னொண்ணுல, ஆட்டம் தொடங்கும்போதே ஒரு திரை வரும். ஆணா பெண்ணா, என்ன நிறம், என்ன மூக்கு, என்ன பேரு, எங்க பொறந்தவன், வாளா வில்லா மந்திரமான்னு எல்லாம் நம்ம கையில. முதலாவது ரெடிமேட் சட்டை. ரெண்டாவது அளவு கொடுத்துத் தைக்கிற சட்டை. பதிவு முழுக்க இந்த ரெண்டு பேரையே வச்சுக்கிறேன், எனக்கும் தட்டச்சு மிச்சம்.

ரெடிமேடுல ஒரு சௌகரியம் இருக்குங்கிறது உண்மைதான். தீபாவளிக்கு முந்தின நாள் ராத்திரி வள்ளியூர் பஜார்ல நுழைஞ்சு பத்தே நிமிசத்துல வாங்கிட்டு வந்துடலாம். தையல்காரர் "நாளைக்கு வாங்க"ன்னு நாலு தடவை நடக்க விடமாட்டாரு. துணியும் பளபளன்னு இருக்கும். தோள்பட்டை மட்டும் யாரோ ஒருத்தனுக்கு அளவெடுத்ததா இருக்கும். போட்டுட்டுக் கையைத் தூக்கும்போதுதான் தெரியும்.

விட்சர்ல நான் கையைத் தூக்கின இடங்கள் நிறைய. எனக்கு வில்லாளியா ஆடப் பிடிக்கும். அண்ணாச்சி வாள்காரர், ஒப்புக்குச் சப்பாணியா ஒரு குறுக்குவில் தந்திருக்காங்க. எனக்குப் பேசிப் பேசியே ஆளைக் கவுக்கிற ஆளா ஆடப் பிடிக்கும். அண்ணாச்சி "ம்ம்ம்"னு உறுமுறதே பாதி வசனம். பொண்ணா ஆடணும்னா நடுநடுவுல கம்பெனி நினைக்கிறப்ப கொஞ்ச நேரம் சிரியா ஆடலாம், அவ்வளவுதான். நாவிதர்கிட்ட போய்த் தாடியையும் முடியையும் மாத்தலாம். தாடி மறுபடியும் தானா வளர்ந்துடும் :) நான் மாத்தினதைக் கூட உடம்பு ஏத்துக்க மாட்டேங்குது.

அதைவிடப் பெரிய இம்சை, ஹீரோவுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாது. அண்ணாச்சி போலந்து எழுத்தாளர் சப்கோவ்ஸ்கியோட கதைகள்ல இருந்து வந்தவரு. எதிர்ல ஒருத்தர் வந்து "என்னய்யா கெரால்ட், பார்த்து எத்தனை வருசமாச்சு"ன்னு கட்டிப் பிடிக்கிறாரு. அவருக்குக் கண்ணுல தண்ணி. அண்ணாச்சிக்கும் நெஞ்சு அடைக்குது. நான் மட்டும், கல்யாண வீட்டுல யாரோ கூப்பிட்டாங்கன்னு போய் மொய் எழுதிட்டு எந்தப் பக்கத்துச் சொந்தம்னு தெரியாம முழிக்கிறவன் மாதிரி உட்கார்ந்திருக்கேன். யென்னெஃபரா டிரிஸ்ஸானு ரெண்டு பேர்ல ஒருத்தரைத் தேர்ந்தெடுக்கச் சொல்றாங்க. புத்தகம் எல்லாத்தையும் வாசிச்சிட்டு வந்து பதில் சொல்றேன்னா முடியுமா? காதலிச்சது அவரு, பதில் சொல்ல வேண்டியது நானு.

இது கம்பெனிக்காரங்களுக்கும் தெரியும். தெரிஞ்சதாலதான் ஒரு பழைய தந்திரம் வச்சிருக்காங்க. கவனிச்சிருக்கீங்களா? நம்ம நண்பர்கள் "ரெடிமேட் ஹீரோன்னா இப்படி இருக்கணும்"னு பட்டியல் போடுறாங்கல்ல, அதுல பாதிப் பேருக்கு ஞாபகமறதி. 1999-ல வந்த 'பிளேன்ஸ்கேப்: டார்மெண்ட்' ஹீரோ பிணவறைப் பலகையில கண்ணு முழிக்கிறான், பேருகூட ஞாபகம் இல்ல. 2019-ல வந்த 'டிஸ்கோ எலிசியம்' போலீஸ்காரர் குடிச்சுக் குடிச்சு எல்லாத்தையும் மறந்து விடுதி அறையில தரையில கிடக்கிறாரு. 'ஃபைனல் ஃபேண்டசி 7' (1997) க்ளவுடுக்கு இருக்கிற ஞாபகமே கலப்படம். அட, முதல் விட்சர் ஆட்டத்துல (2007) நம்ம கெரால்ட் அண்ணாச்சிக்கே அம்னீசியாதானே மக்கா! 'மூன்றாம் பிறை'யும் 'கஜினி'யும் எடுத்த நம்மூர்க்காரங்களுக்கு இந்த வித்தை புதுசு இல்ல.

ஏன் எல்லாருக்கும் மண்டையில அடி படுது? ஆடுறவன் உள்ள நுழைய இடம் வேணும். ஒரு ஆளை முழுசா எழுதி வச்சுட்டா எனக்கு உட்கார இடம் இல்ல, அதனால பழைய குடித்தனக்காரனைக் காலி பண்ணிட்டு எனக்குச் சாவி தர்றாங்க. டார்மெண்டும் டிஸ்கோவும் அற்புதமான ஆட்டங்கள், ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். டிஸ்கோல 24 திறமைகளை நானே கூட்டிக் குறைச்சு அந்தப் போலீஸ்காரர் மண்டைக்குள்ள எந்தக் குரல் சத்தமா கேக்கணும்னு முடிவு பண்றேன். கழுத்துப் பட்டையைப் பிரிச்சு, தையலைப் பிரிச்சு, என் அளவுக்கு மறுபடி தைக்கிற வேலை அது. இந்த ரெண்டையும் உதாரணம் காட்டி "பார்த்தியா ரெடிமேட் எவ்வளவு நல்லாருக்கு"ன்னு ஜல்லியடிச்சா எப்படி? அந்தச் சட்டை நல்லாருக்கிறதே பிரிச்ச இடத்துலதான்.

சரி, மறதி இல்லாத ரெடிமேட் ஹீரோகிட்ட நம்பி நம்ம முடிவுகளை ஒப்படைச்சா என்ன ஆகும்? அதுக்கு நடந்த கதை ஒண்ணு இருக்கு. 2018-ல யுபிசாஃப்ட் 'அசாசின்ஸ் க்ரீட் ஒடிசி' வெளியிட்டாங்க. கசாண்ட்ரான்னு அக்கா, அலெக்ஸியோஸ்னு தம்பி. ரெண்டுல ஒருத்தரை எடுத்துக்கலாம். யாரைக் காதலிக்கணும், ஆணையா பெண்ணையா, யாரையுமே வேண்டாமான்னு எல்லாம் உங்க இஷ்டம்னு சொன்னாங்க. ஜனங்களும் நம்பி நூறு மணி நேரம் ஆடினாங்க. தன்னோட கசாண்ட்ராவுக்குப் பெண்களைத்தான் பிடிக்கும்னு ஆடினவங்க நிறைய. 2019 ஜனவரியில கூடுதல் அத்தியாயம் ஒண்ணு வந்தது. அதுல நீங்க என்ன முடிவெடுத்திருந்தாலும் சரி, கசாண்ட்ராவுக்கு ஒரு ஆண் துணை, ஒரு குழந்தை. அலெக்ஸியோஸா ஆடினா ஒரு பெண் துணை, ஒரு குழந்தை. வம்சம் தழைக்கணுமாம், கதைக்கு அது தேவையாம். அதோட விட்டாங்களா? அந்தக் கட்டத்தை முடிச்சா ஒரு கோப்பை தர்றாங்க, அதுக்கு "வளர்ந்துட்டே"ன்னு அர்த்தம் வர்ற மாதிரி ஒரு பேரு. எரிஞ்சவங்க மேல எண்ணெய்!

எதிர்ப்பு கிளம்பினதும் இயக்குநர் மன்னிப்பு கேட்டாரு, கோப்பை பேரை மாத்தினாங்க, காட்சியையும் கொஞ்சம் ஒட்டுப் போட்டாங்க. குழந்தை மட்டும் அப்படியே இருந்தது. ஏன்னா கசாண்ட்ரா எப்பவுமே கம்பெனியோட ஆள். வாடகைக்கு விட்டிருந்தாங்க, வேணும்ங்கிறப்ப வந்து சுவரை இடிச்சுக்கிட்டாங்க. வாடகை வீட்டுல ஆணி அடிச்ச எல்லாருக்கும் இது புரியும்.

அடுத்தது குரல் விவகாரம். எனக்கு இதுல கொஞ்சம் சொந்தக் கோபம் கலந்திருக்கு, பொறுத்துக்கோங்க. தைச்ச ஹீரோ பெரும்பாலும் ஊமை. வசனம் திரையில வரிசையா எழுதி இருக்கும், நாம ஒண்ணைத் தேர்ந்தெடுப்போம், எதிராளி பதில் சொல்வான். "வாயே திறக்காத ஹீரோவுல என்ன ஜீவன் இருக்கு"ன்னு கேக்குறாங்க. நான் சொல்றேன், எனக்கு ஜீவன் வர்றதே அங்கதான். அந்த வசனத்தை நான் கண்ணால படிக்கும்போது மண்டைக்குள்ள அது வள்ளியூர்த் தமிழ்லதான் ஓடும். "நீ சொல்வதை என்னால் நம்ப முடியவில்லை"ங்கிற அர்த்தத்துல ஒரு இங்கிலீசு வரி இருந்தா எனக்குள்ள கேக்குறது "என்னலே கதை விடுத?" தான். கம்பெனி ஒரு அமெரிக்க நடிகரைக் கூப்பிட்டு வச்சு அந்த வரியைப் பேச வச்சா, என் ஆள் அந்த நிமிசமே டெக்சாஸுக்குக் குடிபோயிடுறான்.

'ஃபால்அவுட் 4' (2015) இதைத்தான் பண்ணிச்சு. முகத்தை மட்டும் மணிக்கணக்குல செதுக்கிக்கலாம், கன்னத்து எலும்பு வரைக்கும். செதுக்கி முடிச்சதும் சொல்றாங்க: ஆணா ஆடினா நீ முன்னாள் ராணுவக்காரன், பெண்ணா ஆடினா நீ சட்டம் படிச்சவ, உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு, ஷான்னு ஒரு கைப்புள்ள இருக்கு, அதைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க, போய்க் கண்டுபிடி. சட்டைக்கு வெளியில அளவெடுத்துட்டு உள்ளே ரெடிமேட் பனியனை மாட்டி விட்டுட்டாங்க. குரல் பதிவு பண்ணணும்ங்கிறதால எந்தப் பேச்சுலயும் நாலே நாலு பதில்தான். அதே ஃபால்அவுட் வரிசையில 2010-ல வந்த 'நியூ வேகஸ்'ல ஹீரோ யாருன்னே தெரியாது. ஒரு தபால்காரன், தலையில சுட்டுப் புதைச்சிருக்காங்க, எழுந்து வர்றான். மீதி என் பாடு. எது இன்னிக்கும் பேசப்படுதுன்னு ஆடினவங்களைக் கேட்டுப் பாருங்க. 2023-ல அதே பெதெஸ்டா கம்பெனி 'ஸ்டார்ஃபீல்ட்' எடுத்தப்ப ஹீரோவோட குரலைத் தூக்கிட்டாங்க. நான் சொல்லல, அவங்களே செஞ்சாங்க.

ஃபால்அவுட் 4-ல ஒரு வேடிக்கை. காட்ஸ்வொர்த்னு ஒரு வேலைக்கார ரோபோ, நாம வச்ச பேரைச் சொல்லியே கூப்பிடும். கிட்டத்தட்ட 1000 பேரு பதிவு பண்ணி வச்சிருக்காங்களாம். ஆசை ஆசையா 'சுடலைமுத்து'ன்னு வச்சேன். "சார்"னு கூப்பிட்டுட்டுப் போயிடுச்சு. அவ்வ்வ்வ்.

இவ்வளவும் இடைஞ்சல், எரிச்சல் வகையறா. இதுக்காக மட்டும்னா எதிர்ப்பதிவு போட்டிருக்க மாட்டேன். விசயம் வேற இடத்துல இருக்கு.

எங்க பக்கத்துல புதுசா ஒரு ஆளைப் பார்த்தா முதல் கேள்வி பேரு. ரெண்டாவது கேள்வி ஊரு. வள்ளியூர்னு சொன்னதும் மூணாவது கேள்வி, "வள்ளியூர்ல எந்தத் தெரு?" சிரிச்சுக்கிட்டேதான் கேப்பாங்க, டீ வாங்கிக் கொடுத்துக்கிட்டே கூடக் கேப்பாங்க. தெரு பேரைச் சொன்னதும் கேட்டவர் முகத்துல ஒரு சின்ன அசைவு இருக்கும், இந்தப் பக்கத்துல பொறந்து வளர்ந்த யாருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. "யாரு மவன்?"ங்கிறதும் அதே கேள்விதான், வயசானவங்க கேக்குற விதம். நான் பேரு வைக்கல, தெருவைத் தேர்ந்தெடுக்கல. எல்லாம் ரெடிமேட். எனக்கு முன்னாடியே யாரோ எழுதி வச்ச கேரக்டர்.

2023 ஆகஸ்ட்ல எங்களுக்கு வடக்க நாங்குநேரியில என்ன நடந்ததுன்னு எல்லாருக்கும் தெரியும். ஒரு பள்ளி மாணவனையும் அவன் தங்கச்சியையும் வீடு புகுந்து வெட்டினாங்க. வெட்டினதும் கூடப் படிச்ச பசங்கதான். அதுக்கப்புறம் அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவை ஒரு நபர் குழுவா நியமிச்சு அறிக்கை கேட்டது. 2024 ஜூன்ல அவர் கொடுத்த அறிக்கையில, மாணவர்கள் கையில கலர் கயிறு கட்டுறதைத் தடை பண்ணணும்னு ஒரு பரிந்துரை. வெளியூர் நண்பர்களுக்கு: கயிறோட கலரைப் பார்த்தா பையன் எந்தச் சாதின்னு தெரிஞ்சுக்கலாம், அதுக்காகக் கட்டுறது.

கேம் பதிவுல இதை ஏன் இழுக்கிறேன்னு கேக்கலாம். 'டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்'னு ஒரு ஆட்டம், 2009-ல பயோவேர் கம்பெனி வெளியிட்டது. இதுல தைக்கிற திரையில மூக்கு முழியோட நிக்காம இன்னொரு கேள்வி கேக்குறாங்க. நீ எங்க பொறந்தே? ஆறு பிறப்பு இருக்கு. மனுசப் பிரபு வீடு, காட்டு எல்ஃப், நகரத்துச் சேரியில வாழுற எல்ஃப், மந்திரவாதி, குள்ளர் ராஜகுடும்பம், கடைசியா குள்ளர்கள்லயே சாதியில்லாதவன். எந்தப் பிறப்பை எடுத்தாலும் முதல் ரெண்டு மணி நேரம் தனிக்கதை, அதுக்கப்புறம் எல்லாரும் ஒரே பாதைக்கு வந்து சேருவாங்க.

குள்ளர்களோட ஊரு ஓர்ஸமார், மலைக்கு அடியில இருக்கு. அங்க சாதி உண்டு. பிரபு, போர்வீரன், கொல்லன், வியாபாரி, வேலைக்காரன்னு அடுக்கு அடுக்கா. அடுக்குக்கே வெளியில சாதியற்றவங்க. பொறந்ததும் முகத்துல பச்சை குத்திடுவாங்க, எங்க போனாலும் அழிக்க முடியாது. கௌரவமான எந்த வேலையும் செய்யக் கூடாது. குடியிருப்பு தனி, பேரே 'டஸ்ட் டவுன்', புழுதிப் பட்டின்னு வச்சுக்கோங்களேன். எந்தத் தெருன்னு கேக்க வேண்டிய அவசியம்கூட இல்ல, முகத்துலயே எழுதியிருக்கு.

நான் அங்க பொறந்தேன். பேரு சுடலைமுத்து. (இங்கே ரோபோ இல்லாததால பிரச்சினை இல்ல.) அம்மா குடிச்சுட்டுக் கிடக்கும். ரிக்கான்னு ஒரு அக்கா. ஒரு ரவுடி முதலாளிக்கு அடியாள் வேலை பார்த்துப் பொழைப்பு. பிரபுக்கள் பார்க்கிற வீர விளையாட்டு மைதானத்துக்குள்ள என்னை மாதிரி ஆளுங்க காலே வைக்கக் கூடாது. ஒரு போர்வீரன் குடிச்சு மட்டையாகிட்டான்னு அவன் கவசத்தைப் போட்டுக்கிட்டு நான் இறங்கி, ஒவ்வொருத்தனா ஜெயிக்கிறேன். கூட்டம் கத்துது. அப்போ குட்டு வெளிப்படுது, முகத்துப் பச்சை தெரியுது, கத்தின அதே கூட்டம் என்னைச் சிறையில போடச் சொல்லுது. ஜெயிச்சது யாருங்கிறது மாறல, எந்தத் தெருங்கிறதுதான் மாறிச்சு. இந்தக் காட்சியில எனக்கு வந்த கோபத்தை நான் ஆங்கிலத்துல இருந்து மொழிபெயர்க்க வேண்டியிருக்கல.

இதுக்கு அப்புறம்தான் வேடிக்கையே. ஊரை விட்டுத் தப்பிச்சு, பெரிய வீரனாகி, ஆட்டத்தோட நடுவுல மறுபடி ஓர்ஸமாருக்கு வர்றேன். ராஜா செத்துட்டாரு. பட்டத்துக்கு ரெண்டு பேர் போட்டி. பெலன்னு ஒரு இளவரசன், ஹாரோமாண்ட்னு வயசான ஒரு பிரபு. யாரை உட்கார வைக்கிறதுங்கிறது என் கையில. பெலன்கூட யார் இருக்கா தெரியுமா? எங்க அக்கா ரிக்கா, கையில அவன் குழந்தையோட. அந்த ஊர்ச் சட்டப்படி ஆம்பளைப் புள்ளைக்கு அப்பன் சாதி, அதனால அக்காவும் அரண்மனைக்குள்ள வந்துட்டா. எனக்கு பெலன் மச்சான்!

இதே ஆட்டத்தை மறுபடி, குள்ளர் ராஜகுடும்பத்துல பொறந்து ஆடினேன். இப்போ பெலன் என் சொந்தத் தம்பி. மூத்த அண்ணன் கொலையாகிறான், பழியை என் தலையில போட்டு, என்னைப் பாதாளத்துல சாகட்டும்னு தள்ளிவிடுறது இதே பெலன்தான். திரும்பி வந்து அவன் முகத்தைப் பார்க்கும்போது கை வாளுக்குப் போகுது. மூணாவது தடவை மனுசனாப் போனேன். ரெண்டு பேரும் எனக்கு யாரோ. நியாயமாப் பேசுற ஹாரோமாண்ட் பெரியவர்தான் நல்லவர்னு தோணும். அவரைப் பட்டத்துல உட்கார வச்சா கடைசியில என்ன ஆகுதுன்னா, சாதிக் கட்டுப்பாடு இன்னும் இறுகுது. அயோக்கியன் பெலனை உட்கார வச்சா சாதியற்றவங்களுக்கு ஆயுதமும் கொஞ்சம் உரிமையும் கிடைக்குது, சபையைக் கலைச்சுட்டுக் கொடுங்கோலனாவும் ஆயிடுறான். ஒரே பெலன். அவன் வசனத்துல பெரிய மாத்தம்கூட இல்ல. நான் எங்க பொறந்தேங்கிறதுல அவன் மச்சான், துரோகி, யாரோ ஒருத்தன்னு மூணு ஆளா மாறுறான்.

இப்போ சொல்லுங்க, தைச்ச ஹீரோவுக்கு ஆழம் கிடையாதா? இதுல ஹீரோ ஒரு வார்த்தை பேசல. ஆழம் அவனைச் சுத்தி இருக்கிற ஊர்ல இருக்கு, ஊர் அவனைப் பார்க்கிற பார்வையில இருக்கு. கெரால்ட் அண்ணாச்சியையும் ஊர் ஜனங்க "பிறவி கெட்டவன்"னு துப்பத்தான் செய்றாங்க, மறுக்கல. ஆனா அவரு எல்லா ஊர்லயும் எல்லாத் தடவையும் ஒரே மாதிரித்தான் துப்பு வாங்குவாரு. ராஜகுடும்பத்துல பொறந்தவன் கண்ணால அதே தெருவைப் பார்க்கிற வாய்ப்பு அவருக்குக் கிடையாது, அதனால எனக்கும் கிடையாது. பிறப்பை மாத்திப் பார்க்க முடியாத ஊர்ல இருந்துக்கிட்டு, மாத்திப் பார்க்க முடியுற ஒரே இடத்தையும் பூட்டிடுங்கன்னு நாமளே கேக்கணுமா?

பயோவேர் இதை என்ன பண்ணினாங்கன்னா, ரெண்டே வருசத்துல, 2011-ல 'டிராகன் ஏஜ் 2'-ல தூக்கிக் குப்பையில போட்டாங்க. ஹாக்னு ஒரு குடும்பம், மனுசன் மட்டும்தான், குரல் அவங்க கொடுத்தது. ஆறு பிறப்பு ஒரு பிறப்பாச்சு. 2014-ல 'இன்குவிசிஷன்'ல நாலு இனம் திரும்பி வந்தது, ஆனா ஆடிப் பார்க்கிற பிறப்புக் கதைகள் வரல. காரணம் எளிமையா காசுதான். ஆறு தொடக்கம் எழுதுறதுக்கு ஆறு மடங்கு வேலை. போஸ்டர்ல போட ஒரு முகமும் வேணும். அதே கம்பெனியோட 'மாஸ் எஃபெக்ட்' (2007) ஹீரோ ஷெப்பர்டுக்கு மார்க் வாண்டர்லூங்கிற டச்சு மாடலோட முகத்தை வச்சு விளம்பரம் பண்ணினாங்க. பெண் ஷெப்பர்ட் அட்டைக்கு வர 2012-ல மூணாவது பாகம் ஆகணும், அதுவும் அட்டையைத் திருப்பிப் போட்டாத்தான் தெரியுவா. ஷெப்பர்டுக்கு முதல் பேரு நாமளே வைக்கலாம், ஆனா மூணு பாகத்துலயும் ஒருத்தர்கூட அதைச் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க. எல்லாருக்கும் ஒரே குடும்பப் பேரு. அப்பன் பேரை ஒரே எழுத்துல சுருக்கி இனிஷியலா வச்சுக்கிட்டு வாழுற நமக்கு இது எவ்வளவு அன்னியம்!

ஜனங்க ரெடிமேடைத்தான் விரும்புறாங்கன்னு கம்பெனி சொன்னா நம்பாதீங்க. 2023-ல வந்த 'பால்டர்ஸ் கேட் 3'ல ரெண்டும் இருக்கு. பக்காவா எழுதின, நல்லா நடிச்ச ஆறு ரெடிமேட் ஆளுங்க, பக்கத்துலயே தைக்கிற திரை. எதை வேணா எடுத்துக்கலாம். 2024-ல லாரியன் கம்பெனியே கணக்கு வெளியிட்டாங்க: 93 சதவீதம் பேர் தங்களுக்குன்னு ஒரு ஆளைத் தைச்சுக்கிட்டாங்க. அவ்வளவு அழகான ரத்தக்காட்டேரி அஸ்டேரியன் கடையில தொங்கும்போதே! இதுல இன்னொரு சூட்சுமம். அஸ்டேரியனை நண்பனா கூட வச்சுக்கிட்டா வாய் ஓயாது, ஒவ்வொரு வார்த்தையிலயும் விஷமம் இருக்கும். அவனையே ஹீரோவா எடுத்து ஆடினா அந்த வாய் பெரும்பாலும் மூடிக்கும், ஏன்னா வசனத்தைத் தேர்ந்தெடுக்கிறது நீங்க. நல்லா எழுதின ஆளுங்க எதிர் நாற்காலியில உட்காரும்போதுதான் ஜொலிக்கிறாங்க. என் நாற்காலியில உட்கார வைக்காதீங்கய்யா.

"அப்படின்னா வெண்பா?"ன்னு ஒருத்தர் கேப்பாருன்னு தெரியும். நியாயமான கேள்வி. 2023-ல டொராண்டோவுல இருக்கிற விசை கேம்ஸ் எடுத்தது. 1980-கள்ல கனடாவுக்குக் குடிபோன தமிழ்ப் பொம்பளை, கிழிஞ்சு போன சமையல் புத்தகம், இட்லி ஊத்துறதுல தொடங்கும். பாஃப்டா விருதே வாங்கினாங்க. அந்த அம்மாவுக்குப் பேரும் முகமும் நான் வைக்கணும்னு நான் கேக்கவே மாட்டேன். அது கதை சொல்ற ஆட்டம், "நீ யாரா வேணும்னாலும் இரு"ன்னு எனக்கு வாக்குக் கொடுத்து விக்கல. புனேக்காரங்க எடுத்த 'ராஜி'யும் (2020) அதே மாதிரி, தம்பியைத் தேடிப் போற அக்காவோட கதை, சண்டை ஆட்டம். என் சண்டை, ஆர்.பி.ஜி.ன்னு பேரு போட்டுக்கிட்டு வாக்குக் கொடுத்துட்டு, உள்ளே வேற ஆளை உட்கார வச்சிருக்கிறவங்ககிட்ட மட்டும்தான்.

எனக்குப் பதில் சொல்லக் கஷ்டமான ஒண்ணு இருக்கு, மறைக்கல. இந்தியக் கம்பெனி பைரோடாக்டைல் 2014-ல எடுத்த 'அன்ரெஸ்ட்'. பழங்கால இந்தியா மாதிரி ஒரு கற்பனை தேசம், பஞ்சம். நீங்க ஒரே ஹீரோ இல்ல, மாத்தி மாத்திப் பல பேரா ஆடுறீங்க. எல்லாருமே ரெடிமேட். அதுல ஒருத்தி ஏழை வீட்டுப் பொண்ணு, இஷ்டமில்லாத கல்யாணம் முடிவாகி இருக்கு. அவளால வாளைத் தூக்கிட்டு ஓடிட முடியாது. எதைப் பேசினாலும் அப்பா, அம்மா, ஊருன்னு மூணு பக்கமும் சுவர். அவ கை கட்டப்பட்டிருக்கிறதுதான் அந்த ஆட்டமே. அங்க போய்த் தைக்கிற திரை கேட்டா அபத்தம். ஆனா ஒண்ணு கவனிங்க. அன்ரெஸ்டும் ஒரே பிறப்போட நிறுத்திக்கல. ஏழைப் பொண்ணா இருந்துட்டு, அப்புறம் அரண்மனைப் பக்கத்து ஆளா, நாகர்களோட தூதரான்னு நாற்காலி மாத்தி உட்கார வைக்குது. ஓர்ஸமார் பண்ணின வேலையைத்தான் வேற வழியில பண்ணுது. ஒருத்தனோட தோளையே நூறு மணி நேரம் எல்லாருக்கும் மாட்டி விடுற அண்ணாச்சி கட்சிக்கு இதுல ஒரு ஓட்டும் விழாது.

தையல்காரங்களையும் சும்மா விடுறதா இல்ல. தைக்கிற திரைன்னு வச்சிருக்காங்களே, அதுல மூக்குக்கு ஒன்பது அளவுகோல், தாடைக்கு ஆறு. நம்ம நிறம்னு தேடினா வெள்ளைக்காரன் வெயில்ல கருத்த மாதிரி ஒண்ணு, இல்லாட்டி சாம்பல் பூசின மாதிரி ஒண்ணு. எண்ணெய் வச்சுப் படிய வாரின முடி எந்தத் திரையிலயும் நான் பார்த்ததில்ல. மீசைன்னா கௌபாய் மீசைதான், எங்க ஊர் அருவா மீசைக்கு வழியே இல்ல. பேரு பெட்டியில தமிழ் எழுத்தை அடிச்சா பாதி ஆட்டத்துல கட்டம் கட்டமாத் தெரியும். இதெல்லாம் சரி பண்ணச் சொல்லிக் கேக்கணும், சத்தமாவே கேக்கணும். அளவு சரியில்லேன்னா தையல்காரர்கிட்ட சண்டை போடலாம். ரெடிமேட் கடைக்காரர்கிட்ட என்ன சண்டை போடுறது? "அதுதான் சைஸ்"ம்பாரு, முடிஞ்சது.

கெரால்ட் ரசிகர் மன்றத்துக்காரங்க பின்னூட்டத்துல வரிசையா வருவீங்கன்னு தெரியும், வாங்க. ஒரே ஒரு கண்டிசன். கும்ம வர்றதுக்கு முன்னால ஆரிஜின்ஸை எடுத்து டஸ்ட் டவுன்ல பொறந்து, மைதானத்துல அந்தக் கவசம் கழண்டு விழுற வரைக்குமாவது ஆடிட்டு வாங்க. பேரு என்ன வச்சீங்கன்னும் மறக்காம எழுதுங்க.